ஒப்புவித்தலும் ஒப்பித்தலும்: கரோல் பாக்கை முன்வைத்து, மருத்துவமனைப் பேச்சு ஒன்றின் வரலாறு

ஒப்புவித்தல் என்னும் சொல் தமிழில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு பொருளையோ பொறுப்பையோ இன்னொருவர் கையில் சேர்ப்பது ஒன்று. மனப்பாடம் செய்த பாடத்தை ஆசிரியர் முன் நின்று சொல்வது மற்றொன்று. பேச்சு வழக்கில் இதை ஒப்பித்தல் என்கிறோம். பாடம் ஒப்பிக்கும் மாணவர் ஆசிரியருக்குத் தெரியாத எதையும் சொல்வதில்லை. பொறுப்பை ஒப்புவிப்பவரோ, பெறுபவருக்குத் தெரியாததைத்தான் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைகளில் ஒவ்வொரு பணி நேர முடிவிலும் நிகழும் ‘ஹேண்ட்ஓவர்’ இவ்விரு பொருள்களுக்கும் நடுவே ஊசலாடும் பேச்சு வகை. அது ஒப்புவித்தலாக அமையும்போது நோயாளி பிழைக்கிறார். ஒப்பித்தலாகச் சுருங்கும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காலைப் பணி முடித்துக் கிளம்பும் செவிலியர் மாலைப் பணிக்கு வருபவரிடம், இரவெல்லாம் விழித்திருந்த பயிற்சி மருத்துவர் பகல் குழுவினரிடம், மயக்கவியல் மருத்துவர் தீவிர சிகிச்சைப் பிரிவினரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகும் சில நிமிடங்களையே இச்சொல் குறிக்கிறது. செவிலியர் பணி 3 ஷிப்டுகளாக நடக்கும் வார்டில் 10 நாள் படுத்திருக்கும் ஒருவரைப் பற்றிய செய்தி, செவிலியர்களுக்கிடையே மட்டும் ஏறத்தாழ 30 முறை கைமாறுகிறது. மருந்துகளின் வரலாறும் அறுவை சிகிச்சையின் வரலாறும் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. இந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. கேட்பவர் திருப்பிச் சொல்லும்வரை ஒப்படைப்பு முடிவதில்லை என்ற எளிய உண்மையை வந்தடைய நவீன மருத்துவமனைக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. சொல்லப்படும் செய்தி கண்டதா, கேட்டதா என்பதும் செய்தியின் பகுதியே என்ற இன்னொரு உண்மையை அது இன்னும் முழுமையாக வந்தடையவில்லை. இப்பதிவு இவ்விரண்டையும் பற்றியது.

இந்த வரலாற்றைக் கரோல் பாக்கில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. டெல்லித் தமிழர்களுக்கு அது நெடுங்காலக் குடியிருப்புப் பகுதி. அருகில் பூசா சாலையில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி உள்ளது. மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்கோ, அந்த ஒரு வட்டாரத்துக்குள்ளேயே மூன்று வெவ்வேறு காலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது திப்பியாக் கல்லூரி. ஹக்கீம் அஜ்மல் கான் முன்னின்று உருவாக்கிய இந்த ஆயுர்வேத, யுனானிக் கல்லூரிக்கு 1916 மார்ச்சில் வைஸ்ராய் ஹார்டிங் பிரபு அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13 அன்று காந்தி திறந்துவைத்தார். மற்ற இரண்டு, பக்கத்து ராஜிந்தர் நகரில் உள்ள சர் கங்காராம் மருத்துவமனையும் பூசா சாலையில் உள்ள பி. எல். கபூர் மருத்துவமனையும். இவ்விரண்டின் வேர்களும் லாகூரில் இருந்தவை.

திப்பியாக் கல்லூரி எந்த மரபிலிருந்து வந்ததோ அந்த மரபில் ஹேண்ட்ஓவர் என்ற தேவையே எழவில்லை. யுனானி ஹக்கீமின் மருத்துவக்கூடமாகிய ‘மதப்’பில் ஹக்கீம் நாடி பிடித்து நோயறிந்து மருந்துகளைச் சொல்வார், அருகில் அமர்ந்த மாணவர் அதை எழுதுவார். ‘நுஸ்கா நவீசி’ எனப்பட்ட இந்த எழுத்துப் பணியே மாணவரின் முதன்மையான பயிற்சியாகவும் இருந்தது. ஆனால் அந்தச் சீட்டு இன்னொரு ஹக்கீமுக்காக எழுதப்பட்டதன்று. அதைப் படிக்க வேண்டியவர் மருந்துச் சரக்குக் கடைக்காரரான அத்தார். சுமந்து செல்பவர் நோயாளி. மருத்துவர் ஒருவரே, அவர் நினைவே பதிவேடு. நோயாளி மறுபடி வந்தால் அதே மனிதரிடம்தான் வருவார்.

இது யுனானிக்கு மட்டும் உரியதன்று. சரக சம்ஹிதை மருத்துவத்துக்கு நான்கு கால்கள் உண்டென வகுக்கிறது: மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. திருக்குறளின் மருந்து அதிகாரமும் தன் கடைசிக் குறளில் இதே நான்கையே எண்ணுகிறது. நோயாளியின் அருகிலிருந்து பணி செய்பவருக்கு அங்கே உழைச்செல்வான் என்று பெயர். இந்தப் பட்டியல்களில் இல்லாதவர் யார் என்று பார்ப்பது பயனுள்ளது. இரண்டாவது மருத்துவர் இல்லை. பொழுது விடிந்ததும் முதல் பணியாளரை விடுவிக்க வரும் இரண்டாவது பணியாளரும் இல்லை. இதைக் குறை என்று சொல்ல முடியாது. ஒருவர் வீட்டில் ஒருவர் படுத்திருக்க ஒருவர் வந்து பார்த்த உலகில் மாற்றாள் என்ற கருத்துக்கு இடமில்லை.

மாற்றாளைப் பிறப்பித்தது மருத்துவமனை. நூற்றுக்கணக்கான படுக்கைகளை இரவு பகலாகக் கவனிக்க வேண்டுமென்றால் கவனிப்பவர் மாறியே ஆக வேண்டும். இதன் ஆபத்தை முதலில் தெளிவாக எழுதியவர்களுள் ஒருவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1859-60 இல் வெளிவந்த செவிலியம் பற்றிய தம் குறிப்பு நூலில் சிறு மேலாண்மைக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். தான் இருக்கும்போது செய்வதெல்லாம் தான் இல்லாதபோதும் நடக்க வழிசெய்யத் தெரியாவிட்டால், நல்ல செவிலியத்தின் பலன் முழுவதும் பாழாகலாம் என்பது அதன் சாரம். பொறுப்பில் இருப்பது என்றால் எல்லாவற்றையும் தானே செய்வதன்று, ஒவ்வொன்றும் செய்யப்படுவதை உறுதிசெய்வது என்றும் அவர் விளக்கினார். ஹேண்ட்ஓவர் என்ற சொல் அங்கே இல்லை. சிக்கல் முழுமையாக இருக்கிறது. ஆனால் அவர் தீர்வின் சுமை சொல்பவர் பக்கமே இருந்தது. கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

இனி லாகூரிலிருந்து வந்த இரு மருத்துவமனைகளுக்கு வருவோம். பொறியாளரான சர் கங்காராம் 1921 இல் லாகூரில் நிறுவிய மருத்துவமனை, பிரிவினைக்குப் பின் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. டெல்லியில் அதே பெயரில் எழுந்த மருத்துவமனைக்கு 1951 ஏப்ரலில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஏப்ரல் 13 அன்று அவரே திறந்தும் வைத்தார். மகப்பேறு மருத்துவரான பி. எல். கபூர் 1930 இல் லாகூரில் தொடங்கிய மருத்துவமனை, 1947 இல் லூதியானாவுக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் டெல்லியில் எழுப்பப்பட்ட மருத்துவமனையை 1959 இல் நேரு திறந்துவைத்தார். பெயரும் நோக்கமும் எல்லை தாண்டி வந்தன. வார்டின் அன்றாடப் பேச்சை நடத்தப் போதுமான செவிலியர்கள் நாட்டிலேயே இல்லை.

1946 இல் வெளியான போர் குழுவின் அறிக்கை இந்த நிலையை எண்களில் சொல்கிறது. அன்றைய இந்தியாவில் சுமார் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர். சுமார் 43,000 பேருக்கு ஒரு செவிலியர். நோயாளியின் படுக்கையருகே அதிக நேரம் இருக்க வேண்டியவர்கள் மருத்துவர்களைவிடப் பன்மடங்கு குறைவாக இருந்தார்கள் என்பது இதன் பொருள். அதே 1946 இல் டெல்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலியப் பட்டப் படிப்புகள் தொடங்கின. டெல்லிக் கல்லூரி பின்னாளில் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைப் பெற்றது. இவற்றின் பயன் வார்டுகளுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் உறவினர்கள். நோயாளியோடு துணைக்கு இருக்கும் தாய், மனைவி, அண்ணன் மகன். ஷிப்டுகள் மாறுகின்றன, மருத்துவர்கள் மாறுகிறார்கள், கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பவர் மாறுவதில்லை. குறள் எண்ணிய நான்காமவர் இன்றும் நம் பொது மருத்துவமனைகளில் இருக்கிறார். புறநோயாளிப் பிரிவிலோ, டெல்லியில் ‘பர்ச்சா’ எனப்படும் சீட்டையும் பழைய பரிசோதனைத் தாள்களையும் நெகிழிப் பையில் போட்டு மருத்துவமனை மருத்துவமனையாக எடுத்துச் செல்பவரும் அவரே. ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொரு மருத்துவருக்குச் செய்தி போகும் வழி பெரும்பாலும் இந்தப் பைதான். ஆயினும் பணிமாற்றப் பேச்சு தொடங்கும்போது இவர் வெளியே அனுப்பப்படுகிறார், அல்லது புரியாத மொழியில் தன்னைச் சுற்றி நடக்கும் பேச்சைப் பார்த்தபடி நிற்கிறார்.

மேலைநாடுகளில் இச்சிக்கல் பொது விவாதமானது ஒரு மரணத்தால். 1984 மார்ச்சில் நியூயார்க்கில் 18 வயது லிபி சயான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணி நேரமும் போதிய மேற்பார்வையின்மையும் கேள்விக்குள்ளாயின. 1989 இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் பணியை வாரத்துக்கு 80 மணி நேரமாகக் கட்டுப்படுத்தியது. 2003 இல் அவ்வரம்பு அமெரிக்கா முழுதும் பரவியது. இந்தியாவில் 1992 இன் மத்திய உறைவிட மருத்துவர் திட்டம், தொடர்பணி 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் வகுத்தது. அது நடைமுறையில் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதைப் பயிற்சி மருத்துவர்களைக் கேட்டால் தெரியும். இச்சீர்திருத்தங்களில் ஒரு முரண் இருக்கிறது. பணி நேரம் குறைந்தால் களைப்பு குறையும். ஆனால் நோயாளியைக் கைமாற்றும் தடவைகள் கூடும். களைத்த மருத்துவரின் பிழையைத் தவிர்க்கப் போய், கேள்விப்படாத மருத்துவரின் பிழைக்கு வழி திறக்கலாம். அதனால்தான் 2000-க்குப் பிறகு ஹேண்ட்ஓவர் ஒரு துறையாகவே வளர்ந்தது.

அதன் முதல் பெரிய கருவி, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்தது. நிலை, பின்புலம், மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு படிகளில் பேசும் ‘எஸ்பார்’ முறையைக் கைசர் பெர்மனென்ட்டே நிறுவனத்தில் மைக்கேல் லெனார்டும் உடன் பணியாற்றியோரும் மருத்துவத்துக்குத் தகவமைத்தனர். இதில் மொழியியல் படித்த எனக்கு முதன்மையாகத் தோன்றுவது நான்காம் படி. 1967 இல் லெனார்ட் ஸ்டைன் என்னும் உளவியல் மருத்துவர், மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையே ஆடப்படும் ஒரு ‘விளையாட்டு’ பற்றி எழுதினார். செவிலியர் யோசனை சொல்ல வேண்டும்; ஆனால் சொன்னதுபோல் தெரியக் கூடாது. மருத்துவர் அதை ஏற்க வேண்டும். ஆனால் கேட்டதுபோல் தெரியக் கூடாது. நம் வார்டுகளில் இந்த விளையாட்டின் வடிவம், “சார், ஒருமுறை வந்து பார்த்துவிடுகிறீர்களா?” என்ற பணிவான கேள்வி. இரத்த அழுத்தம் சரிகிறது என்ற எச்சரிக்கை அந்தப் பணிவுக்குள் ஒளிந்திருக்கும். ‘பரிந்துரை’ என்ற படி படிவத்திலேயே இருப்பதால், செவிலியர் தம் கருத்தைச் சொல்வது துணிச்சலாகாமல் கடமையாகிறது. படிநிலை மிகுந்த ஒரு பேச்சுச் சூழலில் மரியாதையின் இலக்கணத்தை மாற்றியமைத்த முயற்சி இது.

படிவம் மட்டும் போதுமா? மருத்துவம் இதற்கான விடையை வான்போக்குவரத்திலிருந்தும் கற்றது. அங்கே கட்டுப்பாட்டு நிலையம் சொன்னதை விமானி திருப்பிச் சொல்வது விதி. அவ்விதியின் எல்லையையும் டெல்லியின் வானமே காட்டியது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும் டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் சர்க்கி தாத்ரிக்கு மேல் மோதி 349 பேர் இறந்தனர். கசகஸ்தான் விமானம் தனக்கு அனுமதிக்கப்பட்ட 15,000 அடிக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று நீதிபதி லகோத்தி ஆணையம் கண்டது. அதன் பணிக்குழுவின் ஆங்கிலப் புலமைக் குறையும் சுட்டப்பட்டது. வானொலியில் உரையாடல் நடந்தது, பதில்களும் வந்தன. வாய் திருப்பிச் சொல்வதும் மனம் வாங்கிக்கொள்வதும் ஒன்றல்ல. திருப்பிச் சொல்வதேகூட ஒப்பித்தலாகிவிட முடியும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2007 இல் நோயாளிப் பாதுகாப்புக்காக வெளியிட்ட ஒன்பது தீர்வுகளில் ஹேண்ட்ஓவர் பேச்சும் ஒன்று. 2014 இல் ‘ஐபாஸ்’ என்னும் முறையின் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. 9 குழந்தை மருத்துவப் பயிற்சி மருத்துவமனைகளில் 10,740 நோயாளிச் சேர்க்கைகளை ஆராய்ந்ததில், அம்முறையும் அதற்கான பயிற்சியும் புகுத்தப்பட்டபின் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும் தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 விழுக்காடும் குறைந்தன. அதன் ஐந்து கூறுகளில் முதல் நான்கும் சொல்பவருக்குரியவை: நோயின் கடுமை, சுருக்கம், செய்ய வேண்டியவை, இன்னது நேர்ந்தால் இன்னது செய்க என்ற முன்னறிவிப்பு. ஐந்தாவது கேட்பவருக்குரியது. கேட்டதைத் தம் சொற்களில் தொகுத்துச் சொல்லி, ஐயங்களை அவர் கேட்க வேண்டும். கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்வதற்கு இங்கே இடமில்லை. தம் சொற்களில் தொகுப்பவர் புரியாததைத் தொகுக்க முடியாது. நைட்டிங்கேலில் தொடங்கியது இங்கேதான் கேட்பவர் பக்கம் திரும்பியது.

இனி நம் சூழலுக்குரிய கேள்வி. யாருடைய சொற்களில் தொகுப்பது? டெல்லி மருத்துவமனை ஒன்றில் பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கும். நோயாளி இந்தியிலோ பஞ்சாபியிலோ போஜ்புரியிலோ வலியைச் சொல்வார். பணி மாற்றிக்கொள்ளும் இரு செவிலியரும் கேரளத்தவராக இருக்கலாம். 2021 ஜூன் 5 அன்று டெல்லி கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையில், செவிலியர்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே பேச வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று மலையாளத்தைக் குறிவைத்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கடும் எதிர்ப்பு எழ, மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. அதை மொழியுரிமைச் சிக்கலாகப் பார்த்தவர்கள் சரியாகவே பார்த்தார்கள். அதற்குள் ஒரு மருத்துவச் சிக்கலும் இருந்தது. தாய்மொழியில் நடக்கும் ஒப்படைப்பு அந்த இருவருக்கிடையே மிகத் துல்லியமாக இருக்கக்கூடும். அருகில் நிற்கும் மூன்றாமவரையும் நோயாளியையும் அது விலக்கவும் கூடும். தடையால் இது தீராது. எந்தப் பேச்சு யார் முன்னிலையில், எந்த மொழியில் நடக்க வேண்டும் என்று வார்டில் பணிபுரிவோரே பேசி முடிவுசெய்தால்தான் தீரும்.

இதில் ஆங்கிலத்துக்கு மாறும்போது நாம் இழக்கும் ஒன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தமிழில் “இரவு இரண்டு முறை வாந்தி எடுத்தார்” என்பதும் “எடுத்தாராம்” என்பதும் வேறு வேறு செய்திகள். முன்னதில் சொல்பவர் தாமறிந்ததைச் சொல்கிறார். பின்னதில் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார். ‘ஆம்’ என்ற ஒரு விகுதி, செய்தியின் மூலத்தை வினைமுற்றோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. மலையாளத்தில் ‘அத்ரே’, தெலுங்கில் ‘அட’, கன்னடத்தில் ‘அந்தெ’ என இந்த வசதி நம் அண்டை மொழிகளிலும் உண்டு. பதிவேட்டின் சுருக்க ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வரியாகின்றன. “சிறுநீர் போனாராம்” என்று துணைக்கிருந்தவர் சொல்லக் கேட்ட செய்தி, மூன்றாவது ஷிப்டில் “சிறுநீர் வெளியேற்றம் இயல்பு” என்று அளந்தறிந்த உண்மையாக நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு விகுதி உதிர்ந்திருக்கிறது, அவ்வளவே. “ஒவ்வாமை இல்லை” என்ற வரி கேட்டு எழுதியதா, கேட்காமல் எழுதியதா என்பதில் ஓர் உயிர் தொங்கக்கூடும்.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு சிறு மாற்றங்களை முன்வைக்கலாம். ஒப்படைப்புப் படிவத்தில் ஒவ்வொரு முக்கியச் செய்திக்கும் அருகே கண்டது, அளந்தது, கேட்டது என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க இடம் வேண்டும். கேட்டது என்றால் யாரிடம் கேட்டது என்பதும் வேண்டும். இரண்டாவது, படுக்கையருகே நடக்கும் ஒப்படைப்பில் துணைக்கிருப்பவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்: “நாங்கள் சொன்னதில் ஏதாவது விட்டுப்போயிற்றா?” வார்டில் 24 மணி நேரமும் இருந்தவர் அவர் ஒருவரே. நான்கு கால்களில் ஒன்றை வெளியே நிறுத்திவிட்டு மற்ற மூன்றின் தொடர்பை மட்டும் சீர்செய்வது முழுமையான சீர்திருத்தமாகாது.

ஒப்பிப்பவர் தம் பாடத்தை முடித்துவிட்டுப் போகலாம். ஒப்புவிப்பவர், எதிரில் இருப்பவர் பெற்றுக்கொண்டதை அறிந்த பிறகே போக முடியும்.

1950-களிலிருந்து 1980-கள் வரை தமிழக, டெல்லி மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருந்த இரவுப்பணிக் குறிப்பேடுகளின் வடிவத்தை நினைவில் வைத்திருக்கும் மூத்த செவிலியர்களும் மருத்துவர்களும் பின்னூட்டத்தில் எழுதினால் உதவியாக இருக்கும். நோயாளிகளின் பெயர்கள் வேண்டா. எந்த மொழியில் எழுதினீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள் என்பது போதும்.